ஊவாக் காடுகளும் மான் வேட்டையும்

கோவை நூல்களிலே ‘கலைமான் வினாதல்’ என்றொரு துறை உண்டு. தினைப்புனத்திற்கு வரும் தலைவன், தன் அம்பு தைத்த மான் இவ்வழியே வந்ததா என்று தலைவியிடம் கேட்பான். அது பேச்சுத் தொடங்குவதற்கான சாட்டு. ஆயினும், அந்தச் சாட்டுக்குள் வேடர்தம் அனுபவம் ஒன்று பொதிந்திருக்கிறது. அடர்ந்த புதருக்குள் மானை எய்வதைவிட, எய்த மானைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம்.

மான் ஈன்று வேடர் வளர்த்த வள்ளியைப் போற்றும் கதிர்காமம், நமது ஊவா மாகாணத்திலேதான் இருக்கிறது. இம்மாகாணத்தின் காடுகளில் வேட்டையை முறையாகக் கற்றவர்கள் வேடுவர்கள். 1911இல் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், கந்தே யக்கா என்னும் வேட்டைத் தெய்வத்திற்கு நிகழும் சடங்கை விவரித்துள்ளனர். ஆடுபவர் மரையின் குளம்புச் சுவட்டைத் தொடர்ந்து சென்று, அம்பெய்வதாக நடிப்பார். பார்த்திருக்கும் சிறுவனுக்கு அதுவே முதற்பாடம் என்று கொள்ளலாம். புதருக்குள் முழு மான் கண்ணுக்குத் தெரியாது. அசையும் காது தெரியும், மடங்கிய புல் தெரியும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினால் மான் மோப்பம் பிடித்து ஓடிவிடும். இவற்றையறியக் காலமும் பொறுமையும் வேண்டும். வேட்டையாடிய இறைச்சியை மரப்பொந்திலே தேனிட்டுப் பாதுகாத்த வழக்கத்தை 1681இலேயே ரொபட் நொக்ஸ் எழுதியிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் வந்தனர். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். பதுளையிலுள்ள சென் மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டையில் பெயர் பெற்றவர். மலைக்காட்டின் அடர்த்தியிலே துப்பாக்கி பயன்படாது என்று கண்டு, நாய்களை விட்டுத் துரத்தி, ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும் மரையைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவருடைய வேட்டை நூல்கள் உலகெங்கும் வாசிக்கப்பட்டன. வேடுவர் அறிவுக்கோ நூல் இல்லை.

பின்னர், காடே குறைந்தது. கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய்க்குப் பின் தேயிலைக்காகவும் மலைகள் வெட்டித் திறக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் உழைப்பும் உயிரும் அந்த மண்ணிலே கலந்தன. மரைக்கு எஞ்சியவை மலையுச்சிக் காடுகளும் பத்தனைப் புல்வெளிகளுமே. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதும், தலைமுறை தலைமுறையாக அங்கு வேட்டையாடிய வேடுவர் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர். கணக்கின்றிச் சுட்டவருக்குத் தேவாலயம். பசிக்கு எய்தவருக்கு வழக்கு!

இன்று மானையும் மரையையும் கொல்வது சட்டப்படி குற்றம். அது வேண்டிய சட்டமே. ஆனால், தோட்டங்களின் ஓரத்தில் இன்னும் சுருக்குக் கம்பி கட்டப்படுகிறது. அதைக் கட்டச் சுவடறிய வேண்டாம், காற்றறிய வேண்டாம். நேற்று வந்தவனும் கட்டலாம். பன்றிக்கு வைத்த கம்பி மரையென்றும் சிறுத்தையென்றும் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் அயல் மாவட்டமான நுவரெலியாவின் நல்லதண்ணிப் பகுதியில், கம்பியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையொன்று பின்னர் இறந்தது.

எய்த மானைத் தேடிச் சென்றவன் பண்டைத் தலைவன். கம்பி கட்டியவனோ, சிக்கியது எதுவென்றும் அறியாமல் வீட்டிலே உறங்குகிறான்.