நவாஹோ மக்கள்: ஆடும் பள்ளியும் தந்த ஓர் உடன்படிக்கை



அமெரிக்கப் பூர்வகுடி மக்களை நம்மில் பலர் திரைப்படங்களில்தான் பார்த்திருக்கிறோம். குதிரை, தலையில் இறகு, கையில் அம்பு. கடைசியில் துப்பாக்கிச் சூடு, தோல்வி. செவ்விந்தியர் என்று நாம் வழங்கும் பெயரே, கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததாக எண்ணிக்கொண்ட குழப்பத்தின் மிச்சம்தான். ஜான் ஃபோர்டு இயக்கத்தில் 1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில், செந்நிறப் பாறைகள் தூண்தூணாக நிற்கும் பாலைவெளி ஒன்று வரும். அது நவாஹோ மக்களின் மண். அந்தப் படத்தில் அப்பாச்சி இனத்தவராக வேடமிட்டுக் குதிரையில் பாய்ந்து வந்தவர்களும் நவாஹோக்களே.

இவர்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'மக்கள்' என்பதுதான் அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கும் அவர்களது நிலம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பாதியைவிடச் சற்று அதிகம். விண்டோ ராக் என்ற ஊரில் அவர்களுக்கென்று தனி மன்றமும் அதிபரும் உண்டு. தனி நீதிமன்றம், தனி காவல்துறையும் இருக்கின்றன. 2021இல் பதிவு பெற்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 400,000ஐ எட்டியது.

அமெரிக்காவில் எத்தனையோ பூர்வகுடிகள் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. நவாஹோக்களும் விரட்டப்பட்டவர்கள்தாம், ஆனால் அவர்கள் திரும்பி வந்தார்கள். வரும்போது எதைப் பெற்றுக்கொண்டு, எதை விட்டுக்கொடுத்து வந்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் அவர்களுடைய இன்றைய வாழ்க்கை நமக்கு விளங்கும்.

முகாமில் நான்கு ஆண்டுகள்

1863இல் கிட் கார்சன் தலைமையில் வந்த அமெரிக்கப் படை, நவாஹோக்களோடு நேருக்கு நேர் மோதியதைவிட அவர்களுடைய சாப்பாட்டோடு மோதியது என்று சொல்லலாம். சோளக்காடுகளைக் கொளுத்தினார்கள். ஆடுமாடுகளைப் பிடித்தார்கள், கொன்றார்கள். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வளர்த்த பீச் மரத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தார்கள். பசியில் சரணடைந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே நடத்திச் சென்றார்கள். 300 மைலுக்கும் மேற்பட்ட நடை. நடக்க முடியாமல் பின்தங்கியவர்கள் சுடப்பட்டதாக இன்றும் குடும்பங்களில் கதை சொல்லப்படுகிறது. இதைத்தான் வரலாற்றில் 'நெடும் நடை' என்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் போஸ்க் ரெடோண்டோ முகாம். பேகோஸ் ஆற்றின் உப்புத் தண்ணீர் வயிற்றைக் கெடுத்தது. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. விறகுக்கு வேர்களைத் தோண்டிக்கொண்டு வெகுதூரம் அலைந்தார்கள். பங்கீட்டில் கிடைத்த கோதுமை மாவும் காப்பிக்கொட்டையும் அவர்கள் முன்பு அறியாதவை. இன்று நவாஹோ விழாக்களில் விரும்பி உண்ணும் பொரித்த ரொட்டி அந்தப் பங்கீட்டு மாவில் பிறந்தது என்பார்கள். அங்கே அடைக்கப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார்.

1868இல் தளபதி ஷெர்மன் பேச்சுவார்த்தைக்கு வந்தார். ஓக்லஹோமா பக்கம் நல்ல நிலம் தருகிறோம், அங்கே போய்விடுங்கள் என்றார். நவாஹோக்களின் சார்பில் பேசிய பார்பொன்சிட்டோ ஒப்பவில்லை. நான்கு திசைக்கும் நான்கு புனித மலைகள் எல்லையாக நிற்கும் நிலத்தை விட்டுத் தங்கள் மக்கள் வாழக்கூடாது என்பதே முன்னோர் வைத்த கட்டளை என்று வாதிட்டார். அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. அதே மாதம் புறப்பட்ட ஊர்வலம் 10 மைல் நீளம் இருந்ததாம்.

13 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கையில் இரண்டு வாக்குகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அரசாங்கம் நவாஹோக்களுக்கு 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் தரவேண்டும். மற்றொன்று, 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் ஆங்கிலக் கல்விக்கு அனுப்பவேண்டும். 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்.

ஆடு கொடுத்த வாழ்வு

ஆடு ஸ்பானியர்கள் வழியாக வந்த பிராணி. ஆனால் நவாஹோக்கள் அதைச் சுற்றித்தான் தங்கள் வாழ்க்கையையே பின்னிக்கொண்டார்கள். ஆட்டு மந்தையில் பெரும்பகுதி பெண்களுக்குச் சொந்தம். அதன் கம்பளியைப் பெண்கள் தறியில் நெய்தார்கள். வம்சமும் தாய்வழியே. ஒரு நவாஹோ தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, தம் தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழிப் பாட்டனாரின் குலம், தந்தைவழிப் பாட்டனாரின் குலம் என நான்கையும் வரிசையாகச் சொல்வார். கேட்பவர் உடனே, இவர் நமக்குத் தம்பி முறையா, பேரன் முறையா என்று கணக்குப் போட்டுவிடுவார். ஒரே குலத்தில் திருமணம் கூடாது. குழந்தை முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தால் அதற்கும் ஒரு விருந்து உண்டு. சிரிக்க வைத்தவர்தான் விருந்து போடவேண்டும். குழந்தையின் கையால் வந்தவர்களுக்கெல்லாம் உப்பு வழங்குவார்கள். கிழக்கே வாசல் வைத்த 'ஹோகான்' என்னும் வீட்டில் இவையெல்லாம் நடக்கும்.

15,000 ஆடுகள் இரண்டு தலைமுறைக்குள் பல லட்சமாகப் பெருகின. நிலமும் விரிந்தது. மந்தைகள் மேய்ந்து மண் அரிக்கிறது, அந்த மண் கொலராடோ ஆற்றில் கட்டப்படும் பெரிய அணையைத் தூர்த்துவிடும் என்று 1930களில் வாஷிங்டன் கவலைப்பட்டது. ஜான் கோலியர் என்ற ஆணையரின் காலத்தில் கட்டாய ஆட்டுக் குறைப்பு தொடங்கியது. மண் அரிப்பு உண்மைதான். ஆனால் அதற்குக் கண்ட வைத்தியம் கொடியது. விலைக்கு எடுத்த ஆடுகளைக் கொண்டுபோக வழியில்லாமல் பள்ளங்களில் ஓட்டிச் சுட்டுத் தள்ளினார்கள். மந்தைகள் ஏறக்குறையப் பாதியாயின. அதிகாரிகள் பேசியது ஆண்களிடம்; ஆடுகளை இழந்தவர்களோ பெண்கள். அந்தக் கோபம் மூன்று தலைமுறைக்குப் பிறகும் ஆறவில்லை.

பள்ளி எடுத்துக்கொண்ட மொழி

பள்ளி என்ற வாக்கு வேறு விதமாக நிறைவேறியது. பிள்ளைகள் தொலைதூர உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தலைமுடியை வெட்டினார்கள், ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். செஸ்டர் நெஸ் என்ற சிறுவன் தாய்மொழியில் பேசிவிட்டதற்காக அவன் வாயைச் சோப்பு வைத்துத் தேய்த்தார்கள்.

அதே செஸ்டர் நெஸ், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த 1942இல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன் படையில் சேர்ந்தார். அவரோடு சேர்ந்து 29 நவாஹோ இளைஞர்கள் தங்கள் மொழியைக் கொண்டு ஒரு சங்கேதத்தை உருவாக்கினார்கள். டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், கையெறி குண்டுக்கு உருளைக்கிழங்கு, விமானம் போடும் குண்டுக்கு முட்டை! பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த ஜோ கியூமியா என்ற நவாஹோ வீரரை அடித்துத் துன்புறுத்திக் கேட்டும் பயனில்லை. அவருக்குச் சொற்கள் புரிந்தன, செய்தி புரியவில்லை. இவோ ஜிமா போரின் முதல் இரண்டு நாளில் ஆறு பேர் 800க்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றி அனுப்பினார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பிய அவர்களுக்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 வரை வாக்குரிமை இல்லை. 1968 வரை அந்த இரகசியத்தை வெளியில் சொல்லவும் கூடாது. 2001இல்தான் அந்த 29 பேருக்கும் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதற்குள் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். எஞ்சியிருந்த கடைசியானவர் செஸ்டர் நெஸ், 2014இல் மறைந்தார்.

அதே 2014இல் நடந்த மற்றொரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நவாஹோ அதிபராக வருகிறவர் நவாஹோ மொழியைச் சரளமாகப் பேசவேண்டும் என்பது அப்போது அவர்களுடைய சட்டமாக இருந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரு வேட்பாளர் சரளமாகப் பேசமாட்டார் என்று நீக்கப்பட்டார். மறு ஆண்டு அந்த விதியைத் தளர்த்தலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. தளர்த்தலாம் என்றார்கள். பேசத் தெரியாத பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருக்கும்போது அவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? மொழியைக் காக்க 1966இல் ரஃப் ராக் பள்ளியையும், 1968இல் பூர்வகுடி மக்களே நடத்தும் முதல் கல்லூரியையும் தொடங்கியவர்கள் இவர்கள். 2013இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தையே நவாஹோ மொழியில் பேசவைத்தார்கள். சுமார் 170,000 பேர் பேசும் மொழி அது. ஆனால் அவர்களில் சிறுவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

யுரேனியத்தின் கதை தனியே ஒரு நாள் பேசவேண்டியது. 500க்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கைவிட்டுச் சென்றார்கள். அந்தத் தூசியை நவாஹோத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள். 2005இல் நவாஹோ மன்றம் யுரேனியம் தோண்டுவதைத் தடைசெய்தது.

உடன்படிக்கையில் ஆட்டைப் பற்றி எழுதினார்கள், பள்ளியைப் பற்றி எழுதினார்கள். தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. இன்று அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. 2020இல் கொரோனா அந்த மண்ணைத் தாக்கியபோது, அடிக்கடி கை கழுவுங்கள் என்ற அறிவுரை அவர்களை வந்தடைந்தது, தண்ணீர் வந்தடையவில்லை. அந்த மே மாதம் மக்கள்தொகைக் கணக்கில் தொற்று நியூயார்க்கையும் மிஞ்சியது.

நிரந்தரத் தாயகம் என்று நிலத்தைக் கொடுத்தவர்கள் அதில் வாழத் தண்ணீருக்கும் வழி செய்யவேண்டாமா என்று நவாஹோக்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படி முயற்சி எடுக்க 1868 உடன்படிக்கை அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி நீல் கோர்சச், போஸ்க் ரெடோண்டோ முகாமின் வரலாற்றை விரிவாகவே எடுத்துரைத்தார். 2024இல் அரிசோனாவோடு ஒரு தண்ணீர் ஒப்பந்தத்தை நவாஹோ மன்றம் ஏற்றுக்கொண்டது. அது நடைமுறைக்கு வர வாஷிங்டன் சட்டம் இயற்றவேண்டும். சிறு லாரியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, பல மைல் தள்ளியிருக்கும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வரும் குடும்பங்கள் இன்றும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.