பிரிட்டனின் தனியார் நிதித் திட்டங்கள் மீதான பொதுக் கண்காணிப்பு

அரசு நடத்தும் மருத்துவமனை, பள்ளி, சிறை, அலுவலகம் போன்றவற்றைத் தனியார் கூட்டமைப்புகள் கடன் வாங்கிக் கட்டி, 25 முதல் 35 ஆண்டுகள்வரை பராமரிக்கும். அதற்கான கட்டணத்தை அரசு ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து செலுத்தும். பிரிட்டனில் இந்த ஏற்பாடு ‘தனியார் நிதி முனைப்பு’ எனப்பட்டது. பிஎஃப்ஐ என்ற சுருக்கப் பெயரே பெருவழக்கு. 1992இல் அறிவிக்கப்பட்ட இம்முறை 2018இல் புதிய திட்டங்களுக்குக் கைவிடப்பட்டது. முன்பு கையெழுத்தான ஒப்பந்தங்கள் பல இன்றும் நடப்பில் உள்ளன. இதற்குக் கணக்குக் கேட்டவர்கள் மூன்று தரப்பினர்: நாடாளுமன்றமும் தணிக்கையாளர்களும், கல்விப்புல ஆய்வாளர்கள், பணம் கொடுத்த பொதுமக்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி, மாற்ற வழியில்லாத நிலையில்தான் பெரும்பாலும் அது தணிக்கையாளரின் கைக்கு வந்தது என்பது இவ்வரலாறு நெடுகத் தென்படும் கூறு.

தணிக்கை அமைப்பு

அரசுச் செலவைச் சரிபார்க்கும் பொதுக் கணக்குக் குழு 1861இல், கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது அமைக்கப்பட்டது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் அதற்குத் தலைமை தாங்குவது மரபு. தலைமைக் கணக்குத் தணிக்கையர் பதவி 1866ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அவர் தலைமையில் இயங்கும் தேசியத் தணிக்கை அலுவலகம் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தோன்றின. செலவில் சிக்கனம், திறன், பயன் ஆகியவற்றை அலுவலகம் ஆராயலாம். அரசின் கொள்கை இலக்கு சரியா தவறா என்று கேட்க மட்டும் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே தனியார் நிதி வேண்டுமா என்ற கேள்வியை விட்டு, குறிப்பிட்ட ஒப்பந்தத்தால் பொதுப்பணத்துக்குத் தகுந்த பயன் கிடைத்ததா என்பதையே தணிக்கையாளர்கள் ஆராய்ந்தார்கள்.

தோற்றம்

கருவூல அதிகாரி வில்லியம் ரைரியின் பெயரால் வழங்கும் 1981ஆம் ஆண்டு விதிகள், பொதுத் திட்டங்களில் தனியார் நிதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. அவை 1989இல் விலக்கப்பட்டன. 1992 நவம்பரில் நிதியமைச்சர் நார்மன் லமாண்ட் பிஎஃப்ஐ முறையை அறிவித்தார்.

ஸ்கை பாலம்

முதல் பெரும் மக்கள் எதிர்ப்பு ஸ்காட்லாந்தில் எழுந்தது. ஸ்கை தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் தனியார் நிதியில் கட்டப்பட்டு 1995 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் செலவு வாகனங்களிடம் வசூலிக்கும் சுங்கத்திலிருந்து ஈடுசெய்யப்பட்டது. தீவினருக்கு வேறு எளிய வழி இல்லை; பாலம் வந்ததும் அங்கிருந்த படகுச் சேவை நின்றுபோயிருந்தது. 2004 வாக்கில் ஒரு கார் போய்வர 11.40 பவுண்டு ஆனது.

திறந்த நாள் முதலே தீவினர் பலர் சுங்கம் கட்ட மறுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் டிங்வால் நகர நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே போய்வர நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். வழியில் அதே பாலத்தைக் கடந்தாக வேண்டும். சுங்கம் வசூலிக்க நிறுவனத்துக்கு என்ன ஆவணபூர்வமான அதிகாரம் இருக்கிறது என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தேசியத் தணிக்கை அலுவலகம் 1997இல் இத்திட்டம் குறித்து அறிக்கை வெளியிட்டது. 2004 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு ஏறத்தாழ 2.7 கோடி பவுண்டு கொடுத்து ஒப்பந்தத்தை வாங்கி, சுங்கத்தை நீக்கியது. கணக்காளர்களின் சொல்லாடலுக்குள் இருந்த பொருளை முதலில் பொது விவாதமாக்கிய பெருமை இத்தீவினருக்கு உண்டு.

1997–2008: தணிக்கை அறிக்கைகளின் காலம்

1997இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, எதிர்க்கட்சியாக இருந்தபோது குறைகூறிய இம்முறையைத் தானே விரிவாக்கியது. அரசு மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவ அறக்கட்டளைகளுக்கு இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட அதிகாரம் உண்டா என்று வங்கிகள் ஐயுற்றதால், அதே ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் பற்றிய பதிவுகளே மிகச் செறிவானவை. தலைமைத் தணிக்கையர் ஜான் போர்னின் அலுவலகம் ஒப்பந்தம் ஒப்பந்தமாக அறிக்கை வெளியிட்டது; துறைச் செயலர்கள் ஒவ்வொருவராகப் பொதுக் கணக்குக் குழுவின் முன் அமர்ந்து பதில் சொன்னார்கள்.

ஒப்பீட்டுக் கணக்கு. ஒவ்வொரு திட்டத்துக்கும் அரசே கட்டினால் என்ன செலவாகும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடப்பட்டது. தனியார் விலை அதைவிடக் குறைந்தால்தான் ஒப்புதல் கிடைக்கும். டார்ட்ஃபோர்டின் டேரன்ட் வேலி மருத்துவமனையில் 1.7 கோடி பவுண்டு மிச்சம் என்று சொல்லப்பட்டது. 1999இல் தணிக்கையாளர்கள் அக்கணக்கிலிருந்த பிழைகளைக் களைந்தபோது மிச்சம் சுமார் 50 லட்சமாகச் சுருங்கியது. லண்டனில் பாதுகாப்பு அமைச்சகத் தலைமையகத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில் தனியார் வழிச் செலவு 74.61 கோடி பவுண்டு, அரசு வழிச் செலவு 74.62 கோடி பவுண்டு என்று கணக்குக் காட்டியது. முப்பது ஆண்டுக்கால ஒப்பந்தம் ஒன்றில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த இடைவெளி ஒரு லட்சம் பவுண்டு. இத்தகைய கணக்குகள் போலித் துல்லியம் கொண்டவை என்று அலுவலகத்தின் உயரதிகாரி ஜெரமி கோல்மன் 2002இல் வெளிப்படையாகச் சொன்னார்.

கணக்கின் முடிவு கழிவு வீதத்தையும் சார்ந்திருந்தது. வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைக்க, கருவூலம் 2003 வரை 6 சதவீதத்தைப் பயன்படுத்தியது; பிறகு 3.5 சதவீதமாக்கியது. வீதம் உயர உயர, முப்பது ஆண்டுகளுக்குப் பரவிய கட்டணம் காகிதத்தில் சிறிதாகத் தெரியும். தொடக்கத்திலேயே முழுச் செலவையும் ஏற்கும் அரசுக் கட்டுமானம் பெரிதாகத் தெரியும்.

இடர் மாற்றம். காலதாமதம், செலவு மிகை ஆகிய இடர்கள் தனியாருக்குப் போவதால் கூடுதல் வட்டி நியாயமே என்பது ஆதரவாளர் வாதம். அதற்குச் சான்றும் இருந்தது. 2003இல் வெளிவந்த தணிக்கை ஆய்வின்படி, பிஎஃப்ஐ திட்டங்களில் 22 சதவீதமே விலை மீறின. முந்தைய முறையில் அது 73 சதவீதம். தாமதமானவை 24 சதவீதம். முன்பு 70 சதவீதம். ஆலிசன் பொல்லாக், ஜீன் ஷௌல் போன்ற ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். தனியார் வழி வெல்லும்படி இடரின் மதிப்பு மிகைப்படுத்தப்பட்டது என்றும், புதிய மருத்துவமனைகளில் படுக்கைகள் குறைந்தன என்றும் வாதிட்டார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999இல் இவ்விவாதத்துக்கு நிறைய இடம் கொடுத்தது. படுக்கைக் குறைப்புக்கு நிதிமுறை காரணமா, மருத்துவச் சிகிச்சை முறையில் வந்த மாற்றம் காரணமா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

மறுநிதியளிப்பு. கட்டுமானம் முடிந்து இடர் குறைந்ததும், நிறுவனங்கள் பழைய கடனை மலிவான புதிய கடனாக மாற்றி லாபத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. ஃபசாக்கர்லி சிறைத் திட்டத்தில் இவ்வாறு 1.07 கோடி பவுண்டு ஆதாயம் கிடைத்தது. சிறைத்துறை பெற்றது 10 லட்சம். 2000இல் வந்த இந்தத் தணிக்கை அறிக்கை, பொதுக் கணக்குக் குழுவின் தொடர் விசாரணைகளோடு சேர்ந்து விதியையே மாற்றியது. 2002 முதல் புதிய ஒப்பந்தங்களில் ஆதாயத்தில் பாதி அரசுக்கு என்று நிர்ணயிக்கப்பட்டது. பழைய ஒப்பந்தங்களுக்கு 30 சதவீதம் தர ஒரு தன்விருப்ப நெறிமுறை வந்தது.

அந்த நெறிமுறையின் எல்லையைக் காட்டியது நார்ஃபோக் அண்ட் நாரிச் மருத்துவமனை. அதை நடத்திய ஆக்டகன் கூட்டமைப்பு 2003இல் மறுநிதியளிப்புச் செய்து சுமார் 11.5 கோடி பவுண்டு ஆதாயம் கண்டது. அறக்கட்டளைக்கு வந்தது ஏறத்தாழ 3.4 கோடி. முதலீட்டாளரின் ஈட்டு விகிதம் 60 சதவீதத்தைத் தொட்டது. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் மருத்துவமனை ஏற்க வேண்டிய சுமையும் கூடியது. 2006இல் குழுத் தலைவர் எட்வர்ட் லீ, 1973இல் பிரதமர் எட்வர்ட் ஹீத் வேறொரு நிறுவனத்தைப் பற்றிச் சொன்ன, முதலாளித்துவத்தின் ஏற்கமுடியாத முகம் என்ற கண்டனத்தை இதற்கும் பயன்படுத்தினார். இருவருமே கன்சர்வேட்டிவ் கட்சியினர். தனியார் துறையின் மேல் நம்பிக்கை கொண்டவர்களும் பொறுக்க முடியாத அளவுக்கு அந்த எண்கள் இருந்தன.

வரித்துறைக் கட்டடங்கள். 2001இல் உள்நாட்டு வருவாய்த் துறையும் சுங்கத் துறையும் ஏறத்தாழ 600 கட்டடங்களை மேப்லி என்ற குழுமத்திடம் ஒப்படைத்தன. அவை பெர்முடாவில் பதிவான நிறுவனத்துக்குப் போயின. வரி வசூலிக்கும் அலுவலகங்களே வரியில்லாத் தீவின் உடைமையானதைப் பற்றிப் பொதுக் கணக்குக் குழு துறை அதிகாரிகளைக் கடுமையாக விசாரித்தது.

லண்டன் சுரங்க ரயில். 2002–03இல் கையெழுத்தான சுரங்க ரயில் பராமரிப்பு ஒப்பந்தங்களை உருவாக்க மட்டுமே 45.5 கோடி பவுண்டு செலவானதாக 2004ஆம் ஆண்டுத் தணிக்கை கணக்கிட்டது. மூன்றில் இரண்டு ஒப்பந்தங்களை வைத்திருந்த மெட்ரோநெட் 2007 ஜூலையில் நொடித்தது. கடன் கொடுத்தவர்களுக்கு 95 சதவீதம் உறுதியளிக்கப்பட்டிருந்ததால், 2008இல் போக்குவரத்துத் துறை 170 கோடி பவுண்டு தர வேண்டியதாயிற்று. வரி செலுத்துவோருக்கு நேரடி இழப்பு 17 கோடிக்கும் 41 கோடிக்கும் இடைப்பட்டது என 2009இல் மதிப்பிடப்பட்டது. இழப்புக்கு நிறுவன நிர்வாகம் பெரிதும் காரணமா, ஒப்பந்த அமைப்பா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

ஆவணங்களை அணுகும் உரிமை

தொடக்கத்தில் ஒப்பந்த விவரங்கள் வணிக இரகசியம் என்ற பெயரில் மறைக்கப்பட்டன. அரசுத் தணிக்கை முறையை ஆராய்ந்த ஷார்மன் பிரபுவின் 2001ஆம் ஆண்டுப் பரிந்துரையைத் தொடர்ந்து, ஒப்பந்ததாரர்களிடமுள்ள ஆவணங்களைப் பார்க்கும் உரிமை தலைமைத் தணிக்கையருக்கு 2003இல் விரிவாக்கப்பட்டது. தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது அரசு அமைப்புகளையே கட்டுப்படுத்தியது, தனியார் நிறுவனங்களை நேரடியாக அல்ல. ஒப்பந்தக் கடன் அரசின் கணக்கேட்டில் ஏற வேண்டுமா என்ற சர்ச்சை தனி. கணக்கியல் தர வாரியம் 1998இல் வழிகாட்டுதல் வெளியிட்ட பின்னும், பல திட்டங்கள் நெடுங்காலம் அரசுக் கடன் புள்ளிவிவரத்துக்கு வெளியே இருந்தன.

2010–2018

2011இல் ஆண்ட்ரூ டைரி தலைமையிலான கருவூலக் குழு, இத்திட்டங்களின் மூலதனச் செலவு 8 சதவீதத்துக்கும் மேல் என்றும், அது அரசுக் கடனின் வட்டியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் கண்டது. 2012இல் தெற்கு லண்டன் மருத்துவ அறக்கட்டளை சிறப்பு நிர்வாகத்தின்கீழ் போனது. இரு மருத்துவமனைகளின் பிஎஃப்ஐ கட்டணம் அதன் பற்றாக்குறைக்கு ஒரு காரணம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த பிஎஃப்2 என்ற திருத்திய முறை சில திட்டங்களோடு நின்றது. 2014இல் நார்தம்ப்ரியா அறக்கட்டளை, உள்ளாட்சி மன்றத்திடம் 11.4 கோடி பவுண்டு கடன் பெற்று ஹெக்சம் மருத்துவமனை ஒப்பந்தத்தை விலைகொடுத்து முடித்துக்கொண்டது.

எடின்பரோவில் 2016 ஜனவரிப் புயலன்று ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவர் இடிந்தது. பிள்ளைகள் வருவதற்கு முந்தைய நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. ஏப்ரலில், அதே தனியார் நிதித் திட்டத்தில் கட்டப்பட்ட 17 பள்ளிகள் மூடப்பட்டன. இதை விசாரித்த ஜான் கோல் 2017இல் அளித்த அறிக்கை, உள்சுவரையும் வெளிச்சுவரையும் பிணைக்கும் சிறு எஃகுக் கம்பிகள் போதிய ஆழம் பதிக்கப்படாததைப் படங்களோடு பதிவுசெய்தது. நிதிமுறையே இடிவுக்குக் காரணம் என்று அது சொல்லவில்லை. கட்டுமானத்தை நாள்தோறும் பார்வையிட வாடிக்கையாளர் தரப்பில் தற்சார்பான மேற்பார்வையாளர் இல்லாததையே பெருங்குறையாகச் சுட்டியது. தணிக்கை ஏடுகள் எட்டாத இடத்தைக் காட்டிய அறிக்கை என்ற வகையில் இது தனித்து நிற்கிறது.

2018 ஜனவரியில் கரிலியன் கட்டுமான நிறுவனம் திவாலாகி, லிவர்பூலிலும் பர்மிங்ஹாம் பகுதியிலும் இரு பெரிய மருத்துவமனைகள் பாதியில் நின்றன. அதே மாதம் வந்த தணிக்கை அறிக்கை முழுச் சித்திரத்தை அளித்தது: 700க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், சுமார் 6,000 கோடி பவுண்டு மூலதன மதிப்பு, 2040கள்வரை இன்னும் செலுத்த வேண்டிய 19,900 கோடி பவுண்டு. ஒரு பள்ளித் தொகுதி, அரசுக் கடனில் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலானது. லிவர்பூல் மாநகராட்சி, மாணவரே இல்லாத பார்க்லண்ட்ஸ் பள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்டு கட்டிவந்ததையும் அவ்வறிக்கை குறித்தது. 2018 அக்டோபர் 29 அன்று நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் இம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தார்.

மதிப்பீடு

கண்காணிப்பால் என்ன பயன் விளைந்தது என்பது பற்றி இரு கருத்துகள் உள்ளன. பெரும் ஒப்பந்தங்கள் எதையும் அது தடுத்து நிறுத்தவில்லை என்பது ஒன்று. ஆதாயப் பங்கீடு, ஆவண உரிமை, கழிவு வீதத் திருத்தம் ஆகியவற்றைச் சுட்டி, ஓர் ஒப்பந்தத்தில் கற்ற பாடம் அடுத்த ஒப்பந்தத்தில் ஏறியது என்பது மற்றொன்று. அறிக்கைகளைத் தேதி வரிசையில் படிப்பவர்க்கு இரண்டாவது கருத்து வலுவாகத் தெரியலாம்.

அண்மைக் காலம்

2020 முதல் தணிக்கையின் கவனம், காலாவதியாகும் ஒப்பந்தங்களின் கட்டடங்கள் எந்த நிலையில் அரசிடம் திரும்புகின்றன என்பதன் மேல் உள்ளது. 2025இல் அரசு தன் பத்தாண்டு உள்கட்டமைப்புத் திட்டத்தில், வரையறுக்கப்பட்ட சில துறைகளில் தனியார் பங்கேற்பை மீண்டும் பரிசீலிப்பதாகக் கூறியது.