நேரமில்லாதவரின் நாட்குறிப்பு

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து நான்கு நாட்குறிப்பேடுகள் இறங்கின. நான்கும் என்னுடையவை. ஒவ்வொன்றிலும் பொங்கல்வரை ஒழுங்காக எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் வாரத்துக்கு ஒரு நாள். அதன்பின் வெற்றுத்தாள்கள், இடையிடையே பால் கணக்கு. காரணம் கேட்டால் என்னிடம் ஒரே விடைதான்: நேரமில்லை. காலையில் திருவொற்றியூரில் மின்சார ரயிலைப் பிடித்து, வகுப்புகளை முடித்து, விடைத்தாள் கட்டோடு திரும்புகிறவனுக்கு இரவு பத்து மணிக்குமேல் பேனா பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை. இந்த விடையை நானே நெடுநாள் நம்பி வந்தேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வரிசையாகப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது.

பிள்ளை வடசென்னைக்காரர். 1709இல் பெரம்பூரில் பிறந்தவர். (எங்கள் பகுதியின் பெருமைகளைச் சொல்லும் மேடைகளில் இவர் பெயர் ஏனோ வருவதில்லை.) தந்தை திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்ததால் மகனின் வாழ்வும் அங்கே அமைந்தது. 1736 செப்டம்பரில், கப்பல்களின் வரத்துப் போக்கையும் ஊரில் நடக்கும் புதுமைகளையும் குறித்து வைக்கப்போவதாகச் சொல்லித் தொடங்குகிறார். 1761 ஜனவரியில், ஏறத்தாழ உயிர் பிரியும் காலம்வரை, அந்தக் குறிப்பு ஓடுகிறது. கால் நூற்றாண்டு.

இனி அவருடைய வேலைப் பளுவைப் பார்ப்போம். கனகராய முதலியார் 1746இல் இறந்தபின் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி வேலை இவர் தோளில் ஏறியது. துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துவிடக் கூடாது. கவர்னர் தூப்ளேக்ஸ் எந்நேரமும் அழைக்கலாம். நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் போகும் கடிதங்கள், துணி வியாபாரிகளோடு ஒப்பந்தம், சாதி வழக்குகளில் மத்தியஸ்தம், இவற்றுக்கு மேல் சொந்த வாணிபம். தூப்ளேக்ஸின் மனைவியோடு ஓயாத பனிப்போர் வேறு. அதற்கே தனியாக ஒரு ஆள் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் தம் பாக்குக் கிடங்கில் போய் அமர்வதை நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் காண்கிறோம். வந்தவர்களைக் கண்டதும் செய்தி கேட்டதும் பெரும்பாலும் அங்கேதான்.

சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 1736இலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முதல் தொகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. இரண்டாம் தொகுதியோ 1746 ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை, அரை ஆண்டுக்கே போதவில்லை. ஓய்வு இருந்த காலத்தில் நாட்கணக்கில் மௌனம். மூச்சுவிட நேரமற்ற காலத்தில் பக்கம் பக்கமாக எழுத்து! ஏடுகள் சில தொலைந்து போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை அது ஒன்றே விளக்கிவிடாது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடிக்கிறான். அக்டோபரில் அடித்த புயலில் அவனுடைய கப்பல்கள் சென்னைக் கடலில் சிதைகின்றன. எங்கள் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும் அதே கடல். அந்த வாரங்களில் புதுச்சேரிக்கு வந்த செய்தி ஒவ்வொன்றும் பிள்ளையின் காதைத் தொட்டே போயிருக்கும். வேலை மிகுந்ததால்தான் எழுதுவதற்கும் மிகுந்தது.

இன்னொன்று, அவர் நடையைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. பேசிய தமிழில், பாரசீகமும் தெலுங்கும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் விரவ, முற்றுப்புள்ளியைத் தேடித் தவிக்க வைக்கும் நெடிய வாக்கியங்களில் எழுதிச் செல்கிறார். ஒரு நாள் கப்பல் வந்த செய்தி மட்டும். மறுநாள் கவர்னரோடு நடந்த உரையாடல் சொல்லுக்குச் சொல். முதுகலையில் யாப்பும் அணியும் படித்த என் போன்றவர்களுக்கு இது முதலில் கரடுமுரடாகத்தான் தோன்றும். நான் என் ஏட்டில் நான்கு வரி எழுதி மூன்றை அடிப்பவன். என் பொழுது எங்கே போயிற்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

1748ஆம் ஆண்டுப் பகுதியைப் படிக்கும்போது மட்டும் மனம் கனத்துவிடுகிறது. ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார். குண்டு விழும் ஊரில், அந்தச் செப்டம்பரில், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்படுகிறது. பிள்ளை வைணவர், ஆனால் அந்த இடிப்பு அவரை உலுக்கிவிடுகிறது. கவர்னரின் நம்பிக்கைக்குரிய துபாஷி. தடுக்க அவருக்கு வழியில்லை. வெளியே வாய்திறந்து சொல்வதற்கும் இடமில்லை. முற்றுகைக்கால அலுவல்களுக்கிடையே உட்கார்ந்து, நடந்ததை விரிவாக எழுதுகிறார். பகலில் பிறருடைய சொற்களை மட்டுமே மொழிபெயர்த்துக் கொண்டிருந்தவருக்குத் தம் சொல் என்று இருந்தது இந்த ஏடு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நேரம் கிடைத்ததா என்று கேட்பதே பொருந்தாத கேள்வி.

1754இல் தூப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். பின்னர் பிள்ளையின் பதவியும் போயிற்று. உடல்நலம் கெட்டது. எழுத்து மட்டும் நிற்கவில்லை. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே ஜனவரியில் அவரும் மறைந்தார்.

ஏடுகள் 1846இல் கலுவா மோம்பிரேன் கண்ணில் படும்வரை வீட்டிலேயே கிடந்தன. அதன்பின் நடந்ததுதான் நமக்குத் தலைகுனிவு. ஆங்கிலத்தில் 1904இல் வரத் தொடங்கிவிட்ட நூல், எழுதப்பட்ட மொழியில் அச்சேறியது 1948இல்தான். அதுவும் முழுமையாக அன்று. மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து அகநி வெளியிட்ட 12 தொகுதிகள் 2019இல் கைக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளைத் துருவித்தான் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரு நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

நான் இப்போது மூன்றாம் தொகுதியில் இருக்கிறேன். ரயிலில், உட்கார இடம் கிடைக்கும் நாட்களில், எண்ணூர் வண்டி கொருக்குப்பேட்டையில் நின்றுவிட்டால் பத்துப் பக்கம் நகர்கிறது.