ஏலமலைச் சரிவும் போடிப் பாதையும்

முன்னாளில் பாளையமாகவும், அதாவது படைக்கடமை ஏற்ற தலைவரின் ஆட்சிப்பகுதியாகவும், பின்னர் ஜமீனாகவும் விளங்கிய போடிநாயக்கனூரின் வரலாறு, பெரும்பாலும் மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளின் விளைபொருள்கள் சமவெளிக்கு இறங்கிய வழிகளின் வரலாறே ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் போடிக்கு வந்தது. 1908-இல் குறுகிய அகல ரயில்பாதையாக மாற்றப்பட்ட அவ்விருப்புப்பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது, மலைச்சரக்குக்குக் கீழிருந்து புதிய வாயில் திறந்தது.

இன்று 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் பயணி, கேரள எல்லைக்கு அப்பால், மரநிழலில் வளரும் ஏலச்செடிகளைக் காண்கிறார். இச்செடியின் காய்கள் இலைத்தண்டில் அல்லாது, தூரிலிருந்து கிளைத்துத் தரையை ஒட்டிப் படரும் காம்புகளில் காய்ப்பதால், பறிப்போர் குனிந்தே கொய்கின்றனர். பச்சை நிறம் மங்காதவாறு சூட்டறைகளில் உலர்த்தப்பட்ட காய்கள் போடியில் சல்லடைகளால் அளவுவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. செடிக்கும் விலைகூறி விற்கும் முறைக்கும் ‘ஏலம்’ என்னும் ஒரே சொல் வழங்குவது, ஏலக்காய் ஏலத்தால் வாழும் இவ்வூருக்குப் பெரிதும் பொருந்துகிறது.