ஜப்பானியப் படம், ஜெர்மன் பாட்டு

மேற்கு ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சி 1971-இல் 'ஸ்பீட் ரேசர்' என்ற ஜப்பானியக் கார் பந்தயத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் இவ்வளவு வன்முறையா என்று எதிர்ப்பு கிளம்ப, சில பகுதிகளோடு தொடரை மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் அதே நாட்டுப் பிள்ளைகள் ஜப்பானியர் வரைந்த ஒரு தேனீயையும் ஒரு மலைநாட்டுச் சிறுமியையும் சொந்த வீட்டுப் பிள்ளைகளாகவே நினைத்துப் பாடித் திரிந்தார்கள். இவை ஜப்பானில் செய்யப்பட்டவை என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த நெருக்கத்தை உண்டாக்கியதில் தொடக்கப் பாடல்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஏ.ஆர்.டி.யின் போட்டி அலைவரிசை இசட்.டி.எஃப். அதன் சிறுவர் நிகழ்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த யோசஃப் கோலன், ஆக்ஸ்பர்க் பொம்மலாட்டக் குழுவின் தொலைக்காட்சித் தொடர்களைக் கவனித்துவந்த அனுபவசாலி. ஐரோப்பியக் குழந்தைகள் படித்து வளர்ந்த கதைகளை எடுத்துக்கொள்வது, படம் வரையும் வேலையை டோக்கியோவில் கொடுப்பது, பேச்சையும் பாட்டையும் ஜெர்மனியில் செய்துகொள்வது என்று ஒரு வழி உருவானது. முதலில் வந்தது 'விக்கி'. சுவீடன் எழுத்தாளர் ரூனர் யோன்சன் படைத்த வைக்கிங் சிறுவன். வாளை எடுக்காமல் மூக்கைத் தேய்த்து யோசித்தே தகப்பனைக் காப்பாற்றுகிறவன். 78 பகுதிகள் கொண்ட அந்தத் தொடர் 1974 ஜனவரி 31 அன்று ஜெர்மனியில் தொடங்கியது. ஜப்பானியர்கள் அதைப் பார்க்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விக்கியின் பாட்டுக்கு மெட்டமைத்தவர் கிறிஸ்டியான் ப்ரூன். பாடியது கொலோன் நகரத்து இசைக்குழு ஒன்று. பிற்காலத்தில் 'பிளெக் ஃபூஸ்' என்ற பெயரில் அந்த ஊர்த் திருவிழாக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டவர்கள்.

ப்ரூன் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஷ்லாகர் எனப்படும் ஜெர்மன் மெல்லிசைப் பாடல்களின் முன்வரிசை ஆள் அவர். 1962 யூரோவிஷன் போட்டியில் ஜெர்மனிக்காகக் கோனி ஃப்ரோபோஸ் பாடிய பாட்டு அவருடையது. 1965-இல் டிராஃபி டாய்ச்சர் பாடி நாட்டையே கலக்கிய 'மார்மோர், ஷ்டைன் உண்ட் ஐசன் பிரிஷ்ட்' அவருடையது. புகழின் உச்சியில் இருந்த ஒருவரிடம் குழந்தைகள் தொடரின் ஒரு நிமிடப் பாட்டைக் கொடுத்தார்கள். அவரும் அதைக் குறைவான வேலையாக நினைக்கவில்லை. அந்தப் பாட்டுகள் ஐம்பது ஆண்டு நிலைத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

1976 செப்டம்பரில் 'தேனீ மாயா' வந்தது. மூலக்கதை வால்டெமார் போன்செல்ஸ் 1912-இல் எழுதிய ஜெர்மன் புத்தகம். மெட்டு, செக் நாட்டுக் கரேல் ஸ்வோபோதா. வரிகள், ஃப்ளோரியான் குசானோ. குரல், பிராக் நகரத்துத் தங்கக் குரல் என்று ஜெர்மானியர் கொண்டாடிய கரேல் கோட். பனிப்போர்க் காலம் அது. இரும்புத் திரைக்கு அந்தப்பக்கத்து இசையமைப்பாளரும் பாடகரும், டோக்கியோவில் வரைந்த தேனீயை, மேற்கு ஜெர்மன் வீடுகளுக்குள் கூட்டி வந்தார்கள். பாட்டு கதை சொல்வதுபோல நிதானமாகத் தொடங்கும். பல்லவியில் மாயாவின் பெயரைக் கூப்பிடும்போது கோட்டின் குரல் விரிந்து மேலே போகும். ஓப்பரா பயின்ற குரல் அது. ஆனாலும் குழந்தைப் பாட்டு என்பதற்காக அவர் குரலைக் கொஞ்சலாக்கிக் கொள்ளவில்லை, காதல் பாட்டைப் பாடும் அதே அக்கறையோடு பாடினார். இதே ஸ்வோபோதாவும் கோட்டும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1973-இல் வந்த சிண்ட்ரெல்லா திரைப்படத்தின் செக் பாட்டும். அந்தப் படம் இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஜெர்மன் தொலைக்காட்சியில் தவறாமல் வருகிறது. 2019 அக்டோபரில் கோட் இறந்தபோது ஜெர்மானியர் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது தேனீ மாயாதான்.

மலைநாட்டுச் சிறுமி 'ஹைடி'யின் கதை வேறு. 1974-இல் இசாவோ தகஹாதா இயக்க, ஹயாவோ மியாசாகி காட்சிகளை வடிவமைத்த தொடர் இது. வரையத் தொடங்குமுன் இருவரும் சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் குடிசையையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜப்பானியப் பாட்டுக்கு மெட்டு தகேயோ வதனாபே, வரிகள் எரிகோ கிஷிதா, குரல் குமிகோ ஓசுகி. அதில் சேர்ப்பதற்கான யோடலை, அதாவது குரல் தாவித் தாவிப் பாடும் மலைநாட்டுப் பாணியை, சுவிட்சர்லாந்திலேயே பதிவு செய்தார்கள். நல்ல பாட்டு. 1977-இல் ஜெர்மனிக்கு வந்தபோது அது முழுதாக நீக்கப்பட்டு, ப்ரூனின் பாட்டு வைக்கப்பட்டது. எழுதியவர் ஆந்திரேயா வாக்னர். பாடியவர்கள் கிட்டியும் எரிக்காவும்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புலப்படும். ஜப்பானியப் பாட்டில் ஹைடியே பேசுகிறாள். ஏன், ஏன் என்று தாத்தாவைக் கேள்வியால் துளைக்கும் குழந்தை அவள். ஜெர்மன் பாட்டில் ஹைடி பேசுவதில்லை. மலையும் மலைக்காரர்களும் அவளைத் திரும்பி வா என்று அழைக்கிறார்கள். இரண்டு பெண்குரல்கள் ஒன்றையொன்று தழுவிப் போக, தொண்டைக்கும் உச்சிக்குமாகக் குரல் தாவும் யோடல் பல்லவியைத் தூக்கி நிறுத்துகிறது. முதல் பாட்டு வியப்பு, இரண்டாவது ஏக்கம். பிராங்பர்ட் நகரத்து மாளிகையில் ஊர் நினைவில் வாடும் சிறுமியின் கதைக்கு ஏக்கம் பொருந்தத்தான் செய்கிறது. ஒரு பாட்டை நீக்கிவிட்டு இன்னொன்றை வைப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்ற வாதம் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ப்ரூனின் ஹைடியைக் கேட்டபிறகு அதைக் குப்பை என்று ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

நமக்கும் இது புதிதல்ல. ஜப்பானில் செய்த மௌக்லி தொடர் 1993-இல் தூர்தர்ஷனுக்கு வந்தபோது, குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாட்டோடுதான் வந்தது. இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளைகளும் ஞாயிறு காலையில் அதைக் கேட்டதும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் ஓடினார்கள்.

1980-இல் ப்ரூன் இன்னும் ஒரு படி துணிந்தார். 'கேப்டன் ஃபியூச்சர்' விண்வெளித் தொடருக்கு ஜப்பானில் யூஜி ஓனோ இசையமைத்திருந்தார். இசட்.டி.எஃப். படத்தை வெட்டிச் சுருக்கியதோடு இசையையும் முழுதாக மாற்றியது. ப்ரூன் சிந்தசைசரையும் டிஸ்கோ தாளத்தையும் கையில் எடுத்தார். பாஸ் கிதார் தடதடக்க, எலக்ட்ரானிக் ஒலிகள் குறுக்கும் நெடுக்கும் பாய, வார்த்தைகளை நம்பாமல் விண்கலத்தின் வேகத்தை ஒலியாலேயே காட்டினார். வெட்டியது தவறு, கதையில் பல இடங்கள் புரியாமல் போயின. இசை மட்டும் தனியே நின்றது. 1998-இல் டி.ஜே. ஃபில் ஃபுல்ட்னர் அந்த மெட்டை டெக்னோவாக்கி 'தி ஃபைனல்' என்று வெளியிட, பதினெட்டு வருடம் முன்பு தரையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இப்போது நடன அரங்குகளில் அதற்கு ஆடினார்கள்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. தனியார் அலைவரிசையான ஆர்.டி.எல். 2, 1997 முதல் 'செய்லர் மூன்' தொடரைத் தினமும் போட்டது. அதற்கும் ஜெர்மனியிலேயே செய்த நடனப் பாட்டுகள்தான். 'சூப்பர் மூனீஸ்' என்ற பெயரில் அவை குறுந்தகடுகளாகவும் வந்தன. பிறகு 'போக்கிமான்', 'டிராகன் பால்' என்று பிற்பகல் முழுவதும் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்கள் ஆனது. இலங்கையிலிருந்து 1980-களில் புகலிடம் தேடி ஜெர்மனிக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் அங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளிவிட்டு வீடு திரும்பிய ஆண்டுகளும் இவைதான்.

இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல திருப்பம் நடந்தது. 2000-இல் 'டிஜிமான்' வந்தபோது, கோஜி வாடா பாடிய 'பட்டர்ஃப்ளை' மெட்டை நீக்காமல், அதற்கே ஜெர்மன் வரிகள் எழுதி, ஃபிராங்க் ஷிண்டெல் குரலில் 'லேப் டைனன் டிராவும்' என்று பாட வைத்தார்கள். அமெரிக்காவில் அதே தொடருக்கு மூல மெட்டைத் தூக்கிவிட்டு வேறு பாட்டு வைத்திருந்தார்கள். 'டிராகன் பால் இசட்'டின் 'சா-லா ஹெட்-சா-லா'வும் மெட்டு மாறாமலே ஜெர்மன் பேசியது. ஜப்பானிய மெட்டைத் தங்கள் பிள்ளைகளின் காது ஏற்கும் என்று தயாரிப்பாளர்கள் நம்பினார்கள். ஏற்றுக்கொண்டது மட்டுமல்ல, அந்தத் தலைமுறை அதற்குமேலும் போனது. மெட்டு வழியாக மூலப் பாட்டைத் தேடிப் பிடித்து, காசெல், பான் போன்ற நகரங்களின் அனிமே விழா மேடைகளில் ஜப்பானிய மொழியிலேயே பாடியது. 2013-இல் ஆர்.டி.எல். 2 அனிமேவைக் கைவிட்டது. இன்றைய பிள்ளைகள் இணையத்தில் பார்க்கும் தொடர்கள் பெரும்பாலும் ஜப்பானியப் பாட்டோடே வருகின்றன.

ஜெர்மனியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஹைடியையும் மாயாவையும் கேட்கக் கொடுங்கள். உச்சரிப்பு தெளிவு, மெட்டு எளிது, கூடவே பாடலாம். பத்து வயதில் கேப்டன் ஃபியூச்சர் இசை. அதற்கு மேல் 'லேப் டைனன் டிராவும்', உடனே அடுத்ததாகக் கோஜி வாடாவின் 'பட்டர்ஃப்ளை'. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்தப் பேச்சைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.