துரைத் தமிழும் ஈழத் தமிழும்: தமிழ்த் திரையில் வேற்றார் பேச்சு

திருமுக்கூடலைச் சுற்றியுள்ள உத்திரமேரூர் வட்டார ஊர்கள் கூத்துக்குப் பழகியவை. அங்கே இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்ப்பவர்களுக்கு, பேச்சும் ஒரு வேஷம் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துரியோதனன் விருத்தம் பாடிச் செந்தமிழில் வசனம் பேசுவான்; பக்கத்திலேயே கட்டியங்காரன் ஊர்ப்பேச்சில் அதற்குப் பொருள் சொல்லிக் கிண்டலும் செய்வான். காஞ்சியையே களமாக வைத்து 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்திலும் இந்தப் பாகுபாடு இருக்கிறது. காபாலிகன் வடமொழி பேசுகிறான், அவன் துணைவி தேவசோமா பிராகிருதம் பேசுகிறாள். காஞ்சித் தெருவில் நடக்கும் அந்த நாடகத்தில் தமிழ் பேசும் பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதை நாம் கவனித்தாக வேண்டும். யார் எந்த மொழியில் பேசுவது என்பதை முடிவுசெய்தவை நாடக மரபும் அவையோரின் எதிர்பார்ப்புமே. தெருவில் உண்மையில் கேட்ட பேச்சுக்கு அதில் இடமில்லை.

தமிழ்த் திரைப்படம் வெளியாரின் தமிழைக் கையாண்ட வரலாற்றுக்கும் இதுவே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம். நடிகரின் திறமை எப்போதும் இருந்தது. எந்தப் பேச்சு நடிக்கப்பட்டதோ, அந்தப் பேச்சுக்கு உரியவர்கள் கேட்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் நடிப்பின் தரம் மாறியது.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார். ஒரு படத்துக்குள் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சோடு பொருந்த வேண்டும் என்ற எண்ணம் அன்று இல்லை. குரல் கேட்டதே அதிசயம். பேச்சுப் பொருத்தம் என்ற கேள்வி வசனகர்த்தாக்களின் காலத்தில்தான் எழுந்தது. அவர்கள் கையில் உருவானது, வெள்ளைக்கார அதிகாரி பேசுவதாகக் காட்டப்படும் துரைத் தமிழ்.

இதன் உச்சம் 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிய வீரபாண்டிய கட்டபொம்மன். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம்தான் படமானது. ஜாக்சன் துரையாக நடித்த சி. ஆர். பார்த்திபன் அந்த ஒரே வேடத்தால் தலைமுறைகளுக்கு நினைவில் நின்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து கப்பலோட்டிய தமிழனில் கலெக்டர் விஞ்சாக வந்தவர் தெலுங்கு நாட்டு நடிகர் எஸ். வி. ரங்காராவ். துரை வேடத்துக்கு வெள்ளைக்காரர் தேவைப்படவில்லை. வெள்ளைக்காரரின் வாய் என்று நாம் நம்பிய ஒன்று போதுமானதாக இருந்தது.

அந்த வாய்க்கு ஒரு இலக்கணமே உண்டு. தகரம் டகரமாகும்: தம்பி ‘டம்பி’ ஆவான். ழகரமும் ளகரமும் லகரத்தில் கரையும். இரட்டை ஒற்று இளகும்: பட்டம் ‘படம்’ ஆகும். வினைமுற்று விகுதிகள் உதிரும், மரியாதைப் பன்மை மறையும், வாக்கியக் கடைசி இழுபடும். இவற்றில் ஒலி தொடர்பானவை வெறும் கற்பனையல்ல. ஆங்கிலேயரின் நாக்கு பல்லைத் தொடாமல் அண்பல்லில் படுவதால் அவர்களுடைய ‘த’ நம் காதுக்கு டகரமாகவே கேட்கும். ஒரு சொல்லுக்குள் ஒற்றை இரட்டித்து ஒலிக்கும் வழக்கமும் ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் மரியாதை தெரியாத ஒருமை, உதிர்ந்த விகுதி ஆகியவை நாடகத்தின் சேர்க்கை. ஆள்பவனின் திமிரை இலக்கணப் பிழையாகக் கேட்டு மகிழ நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது.

வரலாற்றின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு இன்னும் துலங்கும். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனும் கட்டபொம்மனும் சந்தித்தது உண்மை. கட்டபொம்மன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பாளையக்காரர் குடியில் வந்தவர். அக்காலக் கும்பினி நிர்வாகம் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் நடந்ததில்லை. படம் துபாஷியை நீக்கிவிட்டு, ஒருவருக்கு முழங்கும் செந்தமிழையும் மற்றவருக்கு முடம்பட்ட தமிழையும் கொடுத்து நேருக்கு நேர் நிறுத்தியது. மொழியே போர்க்களமாகிவிட்டது. அந்தக் காட்சியின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ் மேடை வசனத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. ஆனால் அந்தத் துரைத் தமிழைக் கேட்டு, ‘எங்கள் வாய் இப்படியா?’ என்று கேட்கக்கூடிய எவரும் கொட்டகையில் இல்லை.

இதற்கு இணையாக இன்னொன்றும் நடந்தது. பிறமொழி நாயகியரின் உண்மையான உச்சரிப்பைப் பின்னணிக் குரல் கலைஞர்கள் துடைத்துவிட்டு நல்ல தமிழை வைத்தார்கள். உள்ள உச்சரிப்பு மறைக்கப்பட்டது, இல்லாத உச்சரிப்பு நடிக்கப்பட்டது.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறாக இருந்தது. இலங்கை வானொலியில் புகழ்பெற்ற தொடர் நாடகம் ஒன்று 1976இல் கோமாளிகள் என்ற படமானது. அதில் எஸ். ராமதாஸ் இஸ்லாமியத் தமிழ் பேசும் மரிக்காராகவும், டி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்கள வாயால் தமிழ் பேசும் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீது ஐயராகவும் நடித்தார்கள். வேடங்கள் சமூக எல்லைகளைத் தாண்டி மாறிக் கிடப்பதைப் பாருங்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று வேடப்பெயரே அவர்களின் முன்பெயராகிவிட்டது. நகைச்சுவைக்காக மிகைப்படுத்தியிருந்தாலும் பிழையாக நடிக்க முடியாது. கேட்பவர்களில் அத்தனை வழக்கையும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைட்’ தனிநடிப்பும் இந்த மண்ணில் விளைந்ததே. தலைப்பில் உள்ள அந்த றகரத்திலேயே யாழ்ப்பாணத்து வாய் இருக்கிறது.

இரண்டு மரபுகளும் சந்தித்த இடம் 2000 தீபாவளிக்கு வந்த தெனாலி. போரால் மனம் உடைந்து எதற்கெடுத்தாலும் அஞ்சும் ஈழத்துத் தமிழராகக் கமல்ஹாசன் நடித்தார். உச்சரிப்புக்காக அவர் நாடியது அப்துல் ஹமீதை. தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் இன்னொரு தமிழைப் பாடமாகக் கற்க, அதைப் பேசும் மண்ணின் ஒலிபரப்பாளரிடமே சென்றது இவ்வரலாற்றில் முக்கியமான திருப்பம். கற்க வேண்டியதும் சொற்பட்டியல் மட்டுமல்ல. ‘பேசு’ என்ற இடத்தில் ‘கதை’, ‘ஆமாம்’ என்ற இடத்தில் ‘ஓம்’ என்று மாற்றுவது சுலபம். ‘வர்றேன்’ என்று பழகிய வாய் ‘வாறன்’ என்று முடிய வேண்டும். ‘வருகினம்’ என்ற படர்க்கைப் பன்மை யோசிக்காமல் வர வேண்டும். காற்று என்பதில் உள்ள றகர இரட்டிப்பு ‘காத்து’ ஆகிவிடாமல் நுனிநாக்கில் நிற்க வேண்டும். கமல் இதில் பெரும்பகுதியைச் சாதித்தார். ஆனால் கிரேசி மோகனின் வசனம் சிரிப்பை நோக்கியே ஓடியதால், அகதியின் பேச்சு தமிழ்நாட்டுக் கொட்டகையில் வேடிக்கைப் பேச்சாகவும் நிலைபெற்றது. பிறகு பல ஆண்டுகள் இங்கே ஈழத்தமிழைப் போலி செய்தவர்கள் தெனாலியைத்தான் போலி செய்தார்கள். இதை ஒரு இழப்பாகவே கருதுகிறேன்.

அடுத்த மாற்றம் புலம்பெயர்ந்தோரிடமிருந்து வந்தது. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியாரின் தீபனில், முன்னாள் போராளியும் எழுத்தாளருமான ஷோபாசக்தி தன் சொந்தத் தமிழிலேயே நடித்தார். அவருக்கு எதிரே நின்ற காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். ஒரே காட்சியில் ஒருவர் பேச்சு பிறந்த பேச்சு, மற்றவர் பேச்சு பயின்ற பேச்சு. எதிரே நிற்பவரின் வாயே அளவுகோல்.

2021இல் வந்த தி ஃபேமிலி மேன் இணையத் தொடரின் இரண்டாம் பருவத்தில் சமந்தா ஈழப் போராளியாக வந்தபோது எதிர்ப்பு வலுத்தது. சித்திரிப்பு பற்றிய கேள்விகளே அதில் மேலோங்கின. உச்சரிப்பு அவற்றோடு சேர்ந்து அலசப்பட்டது.

2025 மே மாதம் வெளியான டூரிஸ்ட் ஃபேமிலியில் நிலைமை தலைகீழாகிறது. இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் படகில் இராமேசுவரம் வந்து சென்னையில் குடியேறும் குடும்பத்துக்கு, வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதே ஆபத்து. மதுரைப் பேச்சால் அறியப்பட்ட சசிகுமார் அந்தத் தந்தையாக வருகிறார். இங்கே உச்சரிப்பு கதையையே நகர்த்துகிறது. அது பிழைத்தால் அக்குடும்பத்தின் அச்சத்தையும் நாம் நம்ப மாட்டோம். இத்தகைய படங்களின் முதல் வாரத்திலேயே டொராண்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் ஈழத்தமிழர் கொட்டகையில் அமர்ந்திருக்கிறார்கள். எந்த ‘ஓம்’ சரியாக விழுந்தது, எந்த ‘வாறன்’ வழுக்கியது என்று அன்றிரவே அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் சென்னைப் படப்பிடிப்புத் தளம் வரை வந்து சேர்கிறது.