கிரக யுத்தம்
'கோள்' என்னும் சொல்லின் வேர் 'கொள்'. பற்றிக்கொள்வது என்று பொருள். வடமொழி 'கிரஹ'மும் அதையே சொல்கிறது. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐந்தில் இரண்டு ஒரு பாகைக்குள் நெருங்கினால் கிரக யுத்தம். சூரியனை நெருங்கினால் அஸ்தங்கம். 2020 டிசம்பர் 21 அன்று மகரத்தில் குருவுக்கும் சனிக்கும் இடைவெளி பாகையில் பத்தில் ஒரு பங்குதான்.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட் பால்மரத் தோட்டங்களிலோ 1946 முதல் 1981 வரை பிறந்தவரின் ஜாதகத்தில் யுத்தம் இருந்தால், பலன் சொல்லுமுன் பிறந்த நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். அன்று மலாயாக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரமே முந்தியது. எட்டு மணியானது 1982 ஜனவரி 1 முதல்தான். எட்டு மணி என்றே கணக்கிட்டு அந்த அரைமணி பிசகினால் யுத்தம் மாறாது, லக்னம் ஏழெட்டுப் பாகை பின்வாங்கும். திருமணத்தைக் காட்டும் ஏழாமிடத்து யுத்தம் ஆயுளைக் காட்டும் எட்டாமிடத்து யுத்தமாகிவிடலாம். திருமணம் பேச வந்தவர்களிடம் ஆயுளைப் பற்றிச் சொல்லிப் பயமுறுத்துவது பெரும் அநியாயம்.